அக்கா பேரில் ஓடுகிற வண்டி

இந்த ஆடி மாதம் பிறந்தபோது எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகச் சோறு இறங்கவில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் தன் டூவீலர் வண்டியைத் தொட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். தோட்டத்தில் சம்பங்கி பூத்துத் தள்ளியது. விடிவதற்குள் செஞ்சி பூக்கடைக்குப் போய்ச் சேராத பூவை யாரும் சீண்ட மாட்டார்கள். முதல் பஸ் எங்கள் ஊருக்கு வருவதற்குள் அங்கே வியாபாரமே முடிந்துவிடும். செடியிலேயே பூ வாடுவதைப் பார்த்துக்கொண்டு நைனா வரப்பில் உட்கார்ந்திருப்பார்.

மாரியம்மனைக் கும்பிடுகிற உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். வல்லம் போகிற வழியில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ்சில் செஞ்சிக்குப் போய்த் தண்ணி கேன் போடுகிற மணி. பத்தாவதோடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்தது. கூழ் ஊற்றுகிற அன்றைக்கு மூன்று முறை வரிசையில் நிற்கிறவன் என்று பூசாரி மாமா என்னை அடையாளம் சொல்லுவார். அப்படிப்பட்டவன் அம்மன் செய்ததற்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் படியுங்கள்.

நடந்தது இதுதான். திண்டிவனம் ரோட்டில் நைனா பூ மூட்டையோடு போய்க்கொண்டிருந்தார். ஆடு ஓட்டி வந்த ஒரு அம்மா திடீரென்று குறுக்கே வந்துவிட்டார்கள். நைனா பிரேக் பிடித்தார். வண்டி அவர்கள் மேல் படவில்லை, ஆனால் பயத்தில் அந்த அம்மா கீழே விழுந்துவிட்டார்கள். சிராய்ப்புகூட இல்லை. கூடின கூட்டத்தில் ஒருவர் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்க, இருக்கிறது என்று நைனா தைரியமாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பங்குனியிலேயே முடிந்துபோயிருந்தது. வண்டி வாங்கும்போதே சேர்த்துப் போட்ட அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் அது. முடியும் என்பதே எங்கள் யாருக்கும் ஞாபகம் இல்லை.

"அந்தம்மாவுக்கு ஒண்ணு ஆயிருந்தா யாருடா பதில் சொல்றது?" என்றார் நைனா. அவ்வளவுதான். சாவியை அம்மன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டார்.

எங்கள் அம்மாவுக்கு இது புரியவில்லை. ஹேண்டில்பாரில் கோயில் கயிறு இருக்குது, முன்னால் எலுமிச்சம்பழம் தொங்குது, இதற்கு மேல் இன்னா இன்சூரன்ஸ் வேணும் என்று கேட்டார்கள். போலீஸ் மறித்தால் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து சர்பத் போட்டுக் கொடுக்கலாம் என்றேன். துடைப்பம் பறந்து வந்தது.

போனிலேயே போட்டுவிடலாம் என்று நான்தான் வீராப்பாக உட்கார்ந்தேன். வண்டி நம்பரை அடித்ததும் வண்டியின் ஜாதகமே வந்தது. ஓனர் பெயர் கௌரி. கௌரி என் அக்கா.

இதற்கு ஒரு கதை இருக்கிறது. வண்டி வாங்கின சமயத்தில் நைனாவுக்கு ஏழரைச் சனி. உங்கள் பேரில் சக்கரம் உருளக் கூடாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அம்மா ராசியும் சரியில்லை. எனக்கு வயசு பத்தாது. அக்காவுக்குத்தான் குரு பலமாக நின்றார். அதனால் வண்டி அவள் பேரில் வந்தது. எங்கள் பக்கம் பாதி வண்டி இப்படித்தான் ஓடுகிறது, உங்களுக்கே தெரியும்.

குரு அதோடு நிற்கவில்லை. அவலூர்பேட்டையில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஒருத்தரை அக்கா தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றைக்கு நைனா நேராக நம் மாரியம்மன் சன்னதிக்குப் போனார். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனி இவளோடு பேச மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டார். மூன்று வருஷம் ஆகிறது. கற்பூரத்தில் அடித்த சத்தியத்தை மீறினால் வீட்டுக்கு ஆகாது என்று நைனாவுக்கு நடுக்கம். நானும் அம்மாவும் அக்காவோடு திருட்டுத்தனமாகப் பேசுவோம். நைனா அந்த நேரத்தில் எருக்குழிப் பக்கம் போய் நின்றுகொள்வார். திரும்பி வந்ததும் யாரையும் பார்க்காமல், "எல்லாம் நல்லா இருக்குதா?" என்று மாட்டைக் கேட்பார். மாடு என்ன பதில் சொல்லும்? அம்மாதான் சொல்லுவார்கள்.

இன்சூரன்ஸ் போட ஓனருடைய ஆதார் நம்பர் கேட்டது. அக்காவின் ஆதார் ஜெராக்ஸ் வீட்டிலேயே இருந்தது. அதை அடித்தால் ஓனருடைய போனுக்கு ஓடிபி போகுமாம். சரி, சுலபம் என்று அக்காவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். நைனா வண்டி எடுக்கவில்லை, பூ வீணாகிறது என்றும் சொன்னேன். அதற்கு அக்கா சொன்னாள்:

"ஓடிபி நம்பர் தர மாட்டன்னு சொல்லலடா. நைனா கேக்கட்டும். என் பேர சொல்லி ஒரு தடவ கூப்புடட்டும். அது போதும் எனக்கு."

இந்தப் பக்கம் நைனாவிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். சத்தியம் பண்ணிட்டேன்டா என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் ஏங்கிக்கொண்டு, நடுவில் அணைந்துபோன ஒரு கற்பூரத்தைப் பார்த்துப் பயந்துகொண்டு இருந்தார்கள். வண்டி இப்படியே நின்றுபோகும், வீடும் இப்படியே நின்றுபோகும் என்று முதல் தடவையாகப் பயந்தேன்.

மறுநாள் ஆடி வெள்ளி. காலையில் கோயிலுக்குப் போனேன். நான் வழக்கமாக அம்மனிடம் வம்புதான் இழுப்பேன். அன்றைக்கு வாயில் கிண்டல் வரவில்லை. "அம்மா, அந்தச் சத்தியத்த நீதான் புடிச்சி வச்சிருக்குற. நீதான் விடணும். எனக்கு அந்த ஓடிபி மட்டும் வரட்டும்" என்று வேண்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கற்பூரப் புகை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து அக்காவின் ஆதார் நம்பரை அடித்தேன். அக்காவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அந்த நேரம் நைனா அம்மனுக்கு மாலைப்பூ எடுத்துக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமைப் பூவை மட்டும் அவர் விட்டதே இல்லை.

வந்துடுச்சிடா, நைனா இருக்காரா என்று அக்கா குரல் கேட்டது. நைனா அப்படியே நின்றுவிட்டார். போனை நீட்டினேன். அவர் கை வரவில்லை. நேரம் ஓடி அந்த ஓடிபி செத்துப்போனது. இன்னொன்று அனுப்பினேன். அதுவும் செத்தது. இன்னும் ஒரு தடவைதான், அப்புறம் இன்றைக்கு முடியாது என்று போன் மிரட்டியது.

நைனா கோயிலுக்கு உள்ளே போனார். ஆடி வெள்ளி, தெருப் பெண்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் கற்பூரம் ஏற்றச் சொல்லி, அம்மன் எதிரே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"ஆத்தா, கோவத்துல சொல்லிட்டேன். நான் சொன்ன சொல்ல நீயே திருப்பி எடுத்துக்க. குத்தம் எதுனா இருந்தா எனக்குக் குடு. புள்ளைங்களுக்குக் குடுக்காத."

பூசாரி மாமா தீபாராதனை காட்டி, அம்மன் மேலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். அம்மா விட்டுட்டாப்பா, போ என்றார். நான் வாசலில் நின்றுகொண்டு கடைசி ஓடிபியை அனுப்பினேன்.

நைனா வந்து போனை வாங்கினார். ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் ஓடிபி கேட்கவில்லை.

"கௌரி. சாப்டியாம்மா?"

அந்தப் பக்கம் அழுகைதான் வந்தது. நைனாவும் அழுதார். பிறகு அக்கா விக்கி விக்கி நம்பரைச் சொன்னாள். நைனா ஒவ்வொன்றுக்கும் சரிம்மா, சரிம்மா என்று தலையாட்டினார். பக்கத்திலே கொட்டு அடிக்க ஆரம்பித்துவிட்டதால் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நம்பர் இன்னா நைனா என்று உலுக்கினேன்.

"எதுடா நம்பரு?" என்றார்.

அவருக்குக் குரல் மட்டும்தான் கேட்டிருக்கிறது. ஓடிபி போய்விட்டது. இனி நாளைக்கு முயற்சி செய்யவும் என்று போன் கையை விரித்தது. சன்னதியைத் திரும்பிப் பார்த்தேன். ஓடிபிதானே கேட்டேன், அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கொடுத்தால் எப்படி என்று அம்மனைக் கேட்டேன். ஏன் என்று மறுநாள்தான் புரிந்தது.

போனில் நம்பர் சொல்றது வேலைக்கு ஆகாது, நானே வர்றேன் என்று சொல்லி அக்கா காலை பஸ்சில் தன் வீட்டுக்காரரோடு வந்து இறங்கினாள். ஓடிபி அன்றைக்கே வந்திருந்தால் ரெண்டு வார்த்தையோடு போன் வைத்திருப்பார்கள். இது போதும் என்று அவரவர் வேலையைப் பார்த்திருப்பார்கள். அம்மனுக்கு அது போதாது என்று தோன்றியிருக்கிறது.

வாசலில் அம்மா ஆரத்தி எடுக்கிற அவசரத்தில் சுண்ணாம்பு போடாமல் வெறும் மஞ்சள் தண்ணியைச் சுற்றினார்கள். நைனா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா கூச்சத்தோடு செருப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் நைனா ஒரு வார்த்தையும் பேசவில்லை.

எல்லாரும் உட்கார்ந்து இன்சூரன்ஸ் போட்டோம். ஓடிபி வந்தது, அடித்தோம், ஏற்றுக்கொண்டது. கடைசியில் நாமினி பெயர் கேட்டது. வண்டி ஓனருக்கு ஏதாவது ஆனால் பணம் யாருக்குப் போகணும் என்பதுதான் நாமினி என்று நான் விளக்கம் சொன்னேன். அக்கா நைனாவைப் பார்த்தாள். நைனா பேர போடட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள்.

நைனா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எதிரே சுவரோரம் உட்கார்ந்திருந்தவரைக் கையால் காட்டினார்.

"எனக்கு எதுக்கும்மா? மாப்ள பேர போடு."

மாமா சட்டென்று குனிந்து தரையைப் பார்த்தார். அம்மா அடுப்பங்கரைக்கு ஓடினார்கள். நான் அழவில்லை. எழுத்துப் பிழை இல்லாமல் அவர் பெயரை அடிக்கிறதில் மும்முரமாக இருந்தேன்.

இப்போது நைனா விடியற்காலையில் பூ எடுத்துக்கொண்டு போகிறார். வண்டியை மாப்ள பேருக்கு மாற்றலாமா என்று நானே சீண்டிப் பார்த்தேன். கௌரி பேரிலேயே ஓடட்டும், அப்பத்தான் வருஷா வருஷம் வருவா என்றார். வெள்ளிக்கிழமையில் நான் அம்மன் முன்னால் நிற்கும்போது இப்போதெல்லாம் பாதி வம்பு, பாதி நன்றி.

உங்கள் வீட்டிலும் கோபத்தில் சொல்லிவிட்டு விழுங்க முடியாமல் நிற்கிற ஒரு வார்த்தை இருக்கும். அதை அம்மனிடம் கொண்டுபோய்ப் போடுங்கள். வாங்கிக்கொள்வாள், கூலி கேட்க மாட்டாள். அப்படியே திரும்பி வரும்போது வண்டி இன்சூரன்ஸ் தேதியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எல்லா வேலையையும் அவள் தலையிலேயே கட்டினால் பாவம், அவளும் பெண்பிள்ளைதானே.