பெயர் தொலைந்த நாற்பது ஃபைல்கள்

போன ஞாயிறு காலை பூந்தமல்லியிலிருந்து நண்பர் ரஃபி போன் செய்தார். குரலே சரியில்லை.

"எல்லாம் பூட்ச்சிண்ணே. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

ரஃபி ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு, வீட்டு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் ஆரம்பிக்கிறார். மறுநாள் முதல் வகுப்பு. பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்களை மூன்று மாதமாக டெலிபோன் லைன் வழியாக இறக்கி வைத்திருந்தார். சனிக்கிழமை கரண்ட் பட்டென்று போனதில் டிஸ்க் குழம்பிவிட்டது. சரிசெய்து பார்த்தால்... நாற்பது ஃபைல்களும் இருக்கின்றன. பெயர்கள்தான் இல்லை. எல்லாவற்றுக்கும் வெறும் நம்பர். எது எந்த மென்பொருள்?

எனக்கென்ன தெரியும்? அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். பட்டாபிராமிலிருந்து சர்ச் முடிந்து நேராக வந்தார்.

"பேர் போனா போகட்டும் பாய். கூடவே ஒரு லிஸ்ட் வந்திருக்குமே... ஒவ்வொரு பேருக்கும் நேரா முப்பத்திரண்டு எழுத்து?"

"இன்னான்னே புரியல. எதுக்கும் இருக்கட்டும்னு பிரின்ட் எடுத்து வச்சிக்கீறேன்."

"அதை எடுத்துனு வாங்க."

ஸ்டெல்லாவிடம் ஒரு சின்ன புரோகிராம் இருந்தது. ஃபைலை முதலிலிருந்து கடைசி வரை படித்து, எழுத்தும் எண்ணும் கலந்து முப்பத்திரண்டு எழுத்தில் ஒரு வரி தருகிறது. மென்பொருளைத் தயாரித்தவர்கள் இதே முறையில் எடுத்த வரிகள்தான் அந்த லிஸ்டில் இருப்பவை. அவர் திரையைப் பார்த்து வாசித்தார். நான் தாளில் தேடினேன். ஏழாவது இடத்தில் அச்சு அசலாக அதே வரி — பக்கத்திலேயே பெயர்! ரஃபி டிக் அடித்தார்.

முப்பத்தொன்பது கிடைத்துவிட்டன. கடைசி ஃபைலின் வரி மட்டும் தாளில் எங்குமே இல்லை. மிச்சமிருந்ததோ ஒரே பெயர். தாளில் அதற்குப் போட்டிருந்த சைஸும் சரியாக இருந்தது.

"அப்ப இது அதானே?" என்றார் ரஃபி.

"இல்ல பாய். உள்ள எங்கியோ கெட்டிருக்கு. போடாதீங்க."

"ஒரு புள்ளி மாறினாகூடவா தெரியும்?"

ஸ்டெல்லா ரஃபியின் நீளமான கடிதம் ஒன்றைத் திறந்து வரியை எடுத்தார். ஒரே ஒரு கமாவை நீக்கிவிட்டு மறுபடி எடுத்தார். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அத்தனை எழுத்துக்கு நடுவே ஒரு கமா... எந்த மனிதக் கண் அதைக் கவனிக்கும்?

கெட்டுப்போன ஃபைலை ரஃபி மாலையே மறுபடி இறக்கினார். இந்த முறை அதன் வரி கடைசி எழுத்து வரை பொருந்தியது. திங்கட்கிழமை வகுப்பு நடந்தது.

யாரைப் பார்த்தாலும் நாம் முதலில் கேட்பது பெயர். உள்ளே இருப்பதை முழுசாகப் படித்துவிட்டு, பெயரைக் கடைசியில் தெரிந்துகொள்ளும் ஒன்றை நான் அன்றுதான் பார்த்தேன்.