மூன்று வருஷம் நின்றவள்

என் வீட்டுக்காரரின் லைசென்ஸில் ஏறிய சிவப்பு மை, ரோட்டில் இல்லாத ஒருத்தியால் ஏறியது. கேட்டால் சிரிப்பீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

அறுபதுகளின் கடைசி அது. தருமபுரியிலிருந்து இண்டூர் வழியாகப் பென்னாகரம் போகிற தனியார் பஸ் ஒன்றில் அவர் டிரைவர். ஒரு நாள் நல்ல வெயிலில், இண்டூரைத் தாண்டி ஒரு சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில், நடு ரோட்டில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறார். பிரேக்கை ஒரே மிதி. பஸ்ஸில் இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். முன் சீட்டில் இருந்த பெரியவருக்குக் கை முறிந்துவிட்டது. கண்டக்டர் இறங்கிப் பார்த்தால் ரோட்டில் ஆளும் இல்லை, ஆடும் இல்லை. இரண்டு பக்கமும் கடலைக் காடு. ஓடி ஒளிய ஒரு புதர்கூடக் கிடையாது.

போலீஸ் கேஸ் ஆனது. கோர்ட்டில் இவர் "ஒரு பொம்பளை நின்னாங்க ஐயா" என்றார். அத்தனை பயணிகளும் யாரும் இல்லை என்றார்கள். அஜாக்கிரதையாக வண்டி ஓட்டினார் என்று அபராதம் போட்டு, லைசென்ஸிலும் எழுதச் சொல்லிவிட்டார் மாஜிஸ்ட்ரேட். அங்கிருந்த குமாஸ்தாதான் வெளியே வந்து எங்களுக்கு விளக்கினார்.

"வேகமாப் போனதுக்கு மட்டும்னா ஒரு வருஷத்துல போயிருக்குமுங்க. இது அஜாக்கிரதை கேஸு, மூணு வருஷம் இருக்கும். அதுக்குள்ள வேற எதுவும் ஏறக்கூடாது. ஏறுச்சுன்னா அன்னையில இருந்து மறுபடி மூணு வருஷம். ஏறலைன்னா இதைக் குடுத்துட்டு, குறி இல்லாத புது லைசென்ஸா வாங்கிக்கலாம்."

அரசாங்க பஸ்கள் வரப்போகின்றன என்று ஊரெல்லாம் பேச்சு. மாதச் சம்பளம், லீவு, பின்னாளில் பென்ஷன். கெட்ட குறி ஏறிய லைசென்ஸை அங்கே திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று மற்ற டிரைவர்கள் சொன்னார்கள். இல்லாத பொம்பளைக்கு பிரேக் போட்டு, இருக்கிற பொண்டாட்டி தலையில் மண்ணைப் போட்டுவிட்டீர்களே என்று அன்று பூராவும் அவரைப் பிடுங்கி எடுத்தேன்.

கொஞ்ச நாள் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"இன்னைக்கும் நிக்கறா" என்றார்.

"யாரு?"

"அவதான். வெளுத்த மஞ்சச் சேலை. தலையெல்லாம் ஈரம். தண்ணி சொட்டுது, ஆனா கீழ தாரு நனையல புள்ள."

"நிறுத்துனீங்களா?"

"அன்னைக்கு நிறுத்துனதுக்குத்தான் எழுதிட்டாங்களே. இன்னைக்கு வண்டியை ஒடிச்சு ஓரமா எறக்கிட்டேன். சைக்கிள்காரன் ஒருத்தன் மயிரிழையில தப்பிச்சான்."

எனக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பாலக்கோட்டில் மந்திரித்து ஒரு கயிறு கட்டிக்கொண்டு வந்தோம். பயனில்லை. தினமும் நிற்கிறாள், எந்நேரமும் முதுகைக் காட்டிக்கொண்டு. ரூட்டை மாற்றிக் கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டால், காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் வண்டியே தரமாட்டார்.

அப்போது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஓசூர்ப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் அவருக்கு வழி சொல்லியிருக்கிறார். தொப்பூர்க் கணவாயில் ஏறி இறங்குகிற டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த முறைதானாம் அது.

"மூணு தபா ஆரன் அடி. உசுரு உள்ளதுன்னா தலையைத் திருப்பும். மாடுகூடத் திருப்பும். திருப்பலைன்னா அது மனுசி இல்ல. பிரேக்குல காலை வெக்காத, ஒடிக்காத, நேரா போயிட்டே இரு."

மறுநாள் அப்படியே செய்தார். மூன்று முறை ஆரன். அவள் திரும்பவில்லை. இவர் நேராக விட்டார். மூஞ்சியில் ஈரக் காற்று அடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான் என்றார். சொல்லும்போது அவருடைய வலது கால் தானாகத் தரையில் அழுந்தியது. பிரேக் மிதிக்கிற கால்.

எனக்கு நம்பிக்கையும் இல்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு நாள் பென்னாகரத்தில் என் அக்கா வீட்டுக்குப் போகிற சாக்கில் அதே பஸ்ஸில் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்தேன். பாலம் வந்தது. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. ஆரன் அடித்தார், மறுபடி அடித்தார், மூன்றாவதும் அடித்தார். எனக்கு முன்னால் வெறும் ரோடுதான் தெரிந்தது. ஆனால் தூரத்தில் ஆட்டுக் கூட்டம் ஒன்று ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. அத்தனை ஆடுகளும் நடுவில் ஓரிடத்துக்கு வந்ததும் இரண்டாகப் பிரிந்து, ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு, அந்தப் பக்கம் போய் ஒன்றாகச் சேர்ந்தன. ஆடுகள் போன பிறகு அந்த வெற்றிடத்தின் மேல்தான் பஸ் ஏறிப் போனது. பென்னாகரத்தில் இறங்கியதும் அக்கா கொடுத்த மோர்கூட உள்ளே இறங்கவில்லை.

அதற்கப்புறம் அவரைத் திட்டுவதை விட்டுவிட்டேன். அவர் தினமும் அவளுக்குள் புகுந்து போய் வந்தார். முதல் வருஷம் அந்த இடம் வந்தாலே வேர்க்குமாம். இரண்டாம் வருஷம் கால் பிரேக்கைத் தேடுவது நின்றது. மூன்றாம் வருஷத்தில் பீடியைக்கூட வாயிலிருந்து எடுக்கவில்லை. "பழகிப்போச்சு புள்ள" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன்.

மூன்று வருஷம் முடிந்தது. வேறு எதுவும் ஏறவில்லை. பழைய லைசென்ஸைக் கொடுத்து, குறி இல்லாத புதுசு வாங்கினோம். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சில மாதங்களில் அரசாங்க பஸ்ஸில் வேலையும் கிடைத்தது. சேலம் ரூட். அந்தப் பாலத்தின் பக்கமே போக வேண்டியதில்லை. தெரு பூராவும் லட்டு கொடுத்தேன்.

வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. காலை டிரிப். அதியமான்கோட்டை தாண்டும்போது ரோட்டில் ஒரு பெண். தலையில் புல்லுக்கட்டு, முதுகு இந்தப் பக்கம். இவர் மூன்று தடவை ஆரன் அடித்தார். அவள் திரும்பவில்லை. இவர் பிரேக்கில் கால் வைக்கவில்லை.

கண்டக்டர் கத்திய கத்தலில்தான் ஸ்டியரிங்கை ஒடித்திருக்கிறார். பஸ் புல்லுக்கட்டைத் தட்டிவிட்டுப் போனது. அவள் சுழன்று போய் ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தாள். முழங்கையில் நல்ல சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. வண்டியை நிறுத்தி இவர் இறங்கி ஓடினார். அவள் எழுந்து இவரைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டாளாம். வாயிலிருந்து சத்தம் வரவில்லை. காட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடி வந்து சொன்னார்கள்:

"அது பொறவியிலயே செவுடு ஊமைங்க. நீங்க எத்தினி ஆரன் அடிச்சாலும் கேக்காது. ஆத்தா புண்ணியத்துல தப்பிச்சா, நீங்க போங்க."

யாரும் புகார் கொடுக்கவில்லை. அவள் கொடுக்க நினைத்திருந்தாலும் என்னவென்று சொல்வாள்? பஸ் சேலத்துக்குச் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று வீட்டுக்கு வந்தவர் புது லைசென்ஸை என் மடியில் வைத்தார். இனி ஓட்ட மாட்டேன் என்றார். இந்த வேலைக்காக எத்தனை நாள் காத்திருந்தோம் என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே, லைசென்ஸில் ஒரு எழுத்துகூட ஏறவில்லையே என்று கெஞ்சினேன்.

"ஆமா, ஏறல" என்றார். "இல்லாதவளுக்கு நிறுத்துனேன், எழுதுனாங்க. இருக்கறவளுக்கு நிறுத்தல, ஒருத்தரும் எழுதல. இனிமே ரோட்டுல யாராச்சும் நின்னா நான் எதை நம்பி முடிவு பண்ணுவேன், நீயே சொல்லு."

எனக்கு அழுகைதான் வந்தது. வேலை போகிறதே என்றா, இல்லை இவ்வளவு நாள் அவர் என்ன பழகிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் புரிந்ததாலா, தெரியவில்லை. இரண்டும்தான்.

மறுநாள் டிப்போவில் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க அவரோடு நானும் போனேன். பஸ் ஏற அவருக்கு மனம் வரவில்லை, ரோட்டோரமாக நடந்தே போனோம். பின்னால் ஆரன் சத்தம் கேட்ட ஒவ்வொரு தடவையும் நாங்கள் இருவரும் சட்டென்று தலையைத் திருப்பினோம்.