கதவடிக் கந்தையா யார்?

வியாழக்கிழமை பின்னேரம் என்றால் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குள் அச்சு மை மணக்கும். மண்ணெண்ணெய் கலந்த ஒரு மணம்... யோகம் அண்ணையின் சேர்ட்டில் ஒட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்துவிடும்.

யோகம் அண்ணை எங்கள் முன்னறையில் வாடகைக்கு இருந்தவர். கொட்டாஞ்சேனையில் அச்சான ஒரு வாரப் பத்திரிகைக்குச் சித்திரக்கதை கீறுவார். இறக்குமதித் தடையால் இந்தியப் புத்தகங்கள் வராத காலம் அது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கெல்லாம் அந்தக் கதைதான் உயிர். கதாநாயகன் துப்பறிவாளர் சாரங்கன். தொப்பி, இடுப்பில் துவக்கு, கறுப்புக் கார், எல்லாம் உண்டு.

ஒரு கிழமை வந்த இதழில் சாரங்கன் திருடனைத் தேடி ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார். சங்கிலி போட்டபடி கதவு கொஞ்சமாய்த் திறக்கிறது. உள்ளே ஒரு பெனியன், மூக்குக்கண்ணாடி, அரை முகம்.

"ஆர்? ஊரில எவடம்?"

அவ்வளவுதான். பக்கத்தின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி. ஐயோ, இது எங்கட அப்பா!

அப்பாவுக்கு அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம். ஆனால் முழுநேர வேலை சந்தேகப்படுவதுதான். பால்காரன் தண்ணி கலக்கிறான்... கரண்ட் மீற்றர் களவாய் ஓடுகிறது... அம்மா தேத்தண்ணியில் சீனியைக் குறைக்கிறா... கதவைத் தட்டுகிறவர் யாழ்ப்பாணத்து ஆள் என்றால் ஊர், ஒழுங்கை, தகப்பன் பெயர் எல்லாம் சொன்ன பிறகுதான் சங்கிலி கழலும். அறை கேட்டு வந்த அன்று யோகம் அண்ணையும் வெயிலில் நின்றே பதில் சொன்னவர்.

அடுத்த கிழமை அந்த மனிதருக்கு இரண்டு பெட்டி கிடைத்தது. பிறகு அரைப் பக்கம். பிறகு ஒரு பெயரும் வந்தது, கதவடிக் கந்தையா. கள்ளன் ஒருவன் தன்னைச் சாவகச்சேரி ஆள் என்று பொய் சொல்கிறான். கந்தையா விடுவாரா?

"சாவகச்சேரியோ? சந்தைக்குக் கிழக்கையோ, மேற்கையோ? சங்கக்கடைக்குப் பக்கத்து வீட்டில ஆர் இருக்கினம்?"

கள்ளனுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. கேஸ் முடிந்தது! சாரங்கன் துவக்கோடு மூலைக்குப் போய்விட்டார், பாவம்.

வகுப்பில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், சிரித்துக்கொண்டே பத்திரிகையைப் புத்தகப் பைக்குள் செருகுவேன். அப்பா கண்டால் யோகம் அண்ணை நடுத்தெருவில்தான். படம் கீறுகிற தனிப் பெடியனுக்குக் கொழும்பில் யார் அறை கொடுப்பார்கள்? அவர் ஊருக்குப் போனால் கதையும் போய்விடும். அதனால் வாங்கிய பத்திரிகை எல்லாம் என் மெத்தைக்குக் கீழே போனது. அதுவே அப்பாவுக்கு இன்னொரு சந்தேகம்.

"உவள் என்னவோ ஒளிக்கிறாள்."

கந்தோரில் யாரோ வாய் தவறி "என்ன கந்தையர், சுகமோ?" என்று கேட்டு, பத்திரிகைக் கதையையும் சொல்லிவிட்டார்களாம். வந்த வேகத்தில் அப்பா என் மெத்தையைத் தூக்கினார். நின்றபடியே எல்லாவற்றையும் வாசித்தார். பிறகு யோகம் அண்ணையைக் கூப்பிட்டார்.

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யிறீரோ? என்ரை வீட்டில இருந்துகொண்டு என்னையே பகிடி பண்ணிக் கீறுறீர்! நாளைக்கே அறையை விடும்!"

"ஐயோ அங்கிள், அது நீங்களில்லை. அது என்ரை ஐயா, என்னைப் பெத்தவர். வாறவை போறவையை எல்லாம் அவர் விசாரிச்சே கொல்லுவார்."

"உம்மடை ஐயாவோ?"

"ஓம் அங்கிள்."

"அந்தப் பெனியன்?"

"அதுவும் அவரின்ரைதான்."

அப்பாவின் கோபம் இறங்கியது. கூடவே முகமும் தொங்கிவிட்டது. இரவுச் சாப்பாட்டில் அம்மாவிடம், "இஞ்சரும், அது நானில்லையாம்" என்றார். எனக்கு அழுகை வந்தது. மனுசனுக்கு உள்ளுக்குள் ஆசை இருந்திருக்கிறது!

அதன் பிறகு காலி வீதிக் கடையில் பத்திரிகையை அப்பாவே வாங்கினார். "யோகத்தின்ரை ஐயா இந்தக் கிழமை விடேல்லைப் போல" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஒருநாள் காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். வெளியே பனையோலைப் பையோடு ஒரு வயதானவர். அப்பா வழக்கம்போல எல்லாம் விசாரித்தார். யோகம் அண்ணையின் ஐயாதான்! முன்னறிவித்தல் இல்லாமல் மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்தார்.

கதிரை நுனியில் இருந்தார். தேத்தண்ணி குடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஊர், அப்பாவின் பெயர், என் வகுப்பு... ஒன்றுமே! அப்பா தூண்டில் போட்டுப் பார்த்தார்.

"நாங்கள் கோண்டாவில் ஆக்கள்."

"ஆ... நல்லது."

கோண்டாவில் என்று சொன்ன பிறகும் 'கோண்டாவிலில எவடம்?' என்று கேட்காத யாழ்ப்பாணத்து மனிதரை நான் அன்றுதான் கண்டேன். அப்பாவும்தான். அவர் மெல்லத் திரும்பி யோகம் அண்ணையைப் பார்த்தார். அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். சரி, துலைஞ்சுது என்று நினைத்தேன்.

பெரியவர் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனதும் அப்பா கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அந்தக் கந்தையாவைக் கடைசியில சாக்காட்டிப் போடாதையும்."

"இல்லை அங்கிள். சத்தியமா."

அந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் எழும்பிய அடுக்குமாடியில்தான் நான் இருக்கிறேன். வாசலில் கமரா இருக்கிறது. எதிர் வீட்டில் யார் என்று தெரியாது. இடையில் ஒரு காலம் வந்தது, சோதனைச்சாவடியில் துவக்கோடு நின்றவர்கள் 'எந்த ஊர்?' என்று கேட்ட காலம். அதன் பிறகு எங்களுக்குள் கேட்கவே வாய் கூசுகிறது. அப்பா இருந்திருந்தால் எதிர் வீட்டாரின் பூட்டன் பெயர்வரை எடுத்திருப்பார்!

அப்பா இருந்த காலத்திலேயே இந்தியப் புத்தகங்கள் திரும்ப வரத் தொடங்க, அந்தப் பத்திரிகை நின்றுபோனது. கடைசி இதழிலும் கந்தையா யாரோ ஒருவனை மறித்து விசாரித்துக்கொண்டிருந்தார். கீழே 'தொடரும்' என்று இருந்தது.

அப்பா அந்தத் 'தொடரும்' மேல் விரலை வைத்தார்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திப்போட்டான்" என்றார்.