நசீர் பாய் கேட்ட கடைசிக் கச்சேரி

செய்தி வந்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மறைத்துப் பயனில்லை. போன வாரம் ஒரு காலை, லாஸ்பேட்டையில் என் அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கைபேசியில் நசீர் பாயின் பெயர் வந்தது. நான் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் மனிதர் சும்மா இருக்க மாட்டார், “எனக்குப் பதிலா ஒரு கச்சேரிக்குப் போயிட்டு வாங்க சார்” என்பார், எனக்கு அதற்குத் தெம்பில்லை என்று நினைத்தேன். இரண்டாம் முறை அடித்தபோது கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். மூன்றாம் முறை வேறு வழியின்றி எடுத்தேன். பேசியது அவர் மனைவி ஷமீம். “சார், அவுரு விடியக்காலைல மவுத்தாயிட்டாரு. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கறோம். உங்களுக்கு மொதல்ல சொல்லணும்னு அடிச்சிக்கினே இருந்தேன்” என்றார்.

வருகிறேன் என்றேன். வைத்த பிறகு மேசையில் மிச்சமிருந்த நான்கு விண்ணப்பங்களிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன். அழுகை வரவில்லை. வெயிலில் வெகுதூரம் நடந்து வந்தவன் இன்னும் பாதி தூரம் பாக்கி என்று கேள்விப்பட்டதுபோல இருந்தது.

நண்பர்களே, அவரை அறிந்தவர்கள் நாம் எத்தனை பேர்? அடக்கத்தன்று கபர்ஸ்தான் வாசலில் பார்த்தேன். ஒரு பக்கம் உழவர்கரை கடைத்தெருக்காரர்கள், இன்னொரு பக்கம் கையில் கிடார் இல்லாததால் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்ற பாட்டுக்காரர்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டன. ஆணியும் தாழ்ப்பாளும் விற்ற நசீர் பாயைத்தான் கடைத்தெருக்காரர்களுக்குத் தெரியும். ஞாயிறு மாலையானால் காப்பிக்கடை மாடியிலும் பழைய வீட்டு முற்றத்திலும் யாரோ பெயர் தெரியாதவர்கள் சொந்தமாக எழுதிப் பாடுவதை முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்ட நசீர் பாய் நம்முடையவர். பாடுகிறவர்கள் இதை ‘இண்டி’ என்பார்கள், பத்திரிகைக்காரர்கள் ‘சுயாதீன இசை’ என்பார்கள். பாய்க்கு எல்லாமே கச்சேரிதான். எதிரே மூன்று பேர் இருந்தாலும் கச்சேரி.

நான் அவரை முதலில் பார்த்தது கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடியில். கல்லூரி நாட்களில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன் நான், காது உள்ளவன் என்ற திமிர் எனக்கு உண்டு. அன்று பாடிய இளைஞன் சுருதியை இங்கும் அங்கும் சிந்திக்கொண்டே பாடி முடித்தான். வந்திருந்தவர்கள் ‘சூப்பர்’ என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு இறங்கினார்கள். ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் மட்டும் அவனிடம் போய், “ரெண்டாவது பாட்டுல ‘அப்பா’ன்ற வார்த்தைக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுத்தீங்களே தம்பி, அந்த இடம் எனக்குப் புடிச்சிருந்துச்சு” என்றார். அந்தப் பையனின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அது அவன் தெரியாமல் செய்தது, இனிமேல் தெரிந்தே செய்வான், கெட்டது போ என்று நினைத்துக்கொண்டேன்.

கீழே வண்டியை எடுக்கும்போது என்னிடமும் வந்தார். “உங்களுக்கு எந்த இடம் சார்?” என்றார். அப்படி எதுவும் இல்லை என்றேன். “ஒண்ணாச்சும் இருக்கும் சார். ஒண்ணுகூட இல்லாம ஒருத்தன் நாலு பேரு முன்னாடி வந்து நிக்க மாட்டான்” என்றார். இதுதான் அவருடைய வழக்கம். கச்சேரி முடிந்ததும் ஒரு இடத்தைச் சொல்ல வேண்டும். மொத்தமாக நன்றாக இருந்தது என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். நம்மில் பலர் இந்தக் கேள்விக்குப் பயந்தே ஒழுங்காகப் பாட்டுக் கேட்கக் கற்றுக்கொண்டோம்.

கடைக்காரப் புத்தி அவரை விட்டுப் போகாது. தோள்பையில் இன்சுலேஷன் டேப்பும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் எப்போதும் இருக்கும். தலையைத் தொங்கப்போடும் மைக் ஸ்டாண்டுகள் எத்தனைக்கு அவர் டேப் சுற்றியிருப்பார் என்று கணக்கில்லை. ஒருமுறை ஊர் சுற்ற வந்த நான்கைந்து பேர் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, சினிமாப் பாட்டு பாடச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். மேடையில் இருந்த பெண் திகைத்து நின்றாள். டேப் சுற்றிக்கொண்டிருந்த பாய் திரும்பிப் பார்த்து, கோபமே இல்லாமல், “அது உங்க போன்லயே இருக்கு தம்பி. இது இங்க மட்டுந்தான் இருக்கு” என்றார். அவர்கள் அடங்கி உட்கார்ந்தார்கள், ஒருவன் கடைசிவரை இருந்துவிட்டும் போனான்.

அந்தப் பெண்தான் யாழினி. விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், வாரக் கடைசியில் பஸ் பிடித்து வந்து இரண்டு பாட்டு, மூன்று பாட்டு என்று பாடிவிட்டுப் போவாள். ஒரு முழு மணிநேரம் தனியாகப் பாட வேண்டும் என்பது அவள் ஆசை. அவளைவிட பாய்க்குத்தான் அந்த ஆசை அதிகம் இருந்தது.

எனக்கு மெல்ல அலுத்துப்போனது. இதையும் உள்ளபடி சொல்கிறேன். ஆறு மணி என்று போட்டால் ஏழுக்கு முன்னால் தொடங்குவதில்லை. ஒருவர் ‘செக், செக்’ என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார். கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, கொசு, எல்லாப் பாட்டுக்கும் கிடாரில் அதே மூன்று கார்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அது எப்படிப் பிறந்தது என்று பாட்டைவிட நீளமான ஒரு விளக்கம். அலுவலகத்தில் ஆறு நாள் தலையாட்டிவிட்டு ஏழாம் நாளும் இங்கே வந்து தலையாட்ட வேண்டுமா என்றிருந்தது. வயது ஐம்பத்திரண்டு. ஒருநாள் அவரிடம் எரிச்சலாகவே சொன்னேன்: “உங்களுக்கு எல்லாமே புடிக்குது பாய். அதான் உங்க பிரச்சனை.” அவர் யோசித்துவிட்டு, “எல்லாம் புடிக்கல சார். ஒரு இடந்தான் புடிக்குது. அதுக்கு முழுசா உக்காரணுமே” என்றார். இவருக்குக் காது கிடையாது, வெறும் நல்ல மனசு என்று என் மனதுக்குள் அன்றே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அவருக்குச் சிறுநீரகம் கெட்டு, கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஒரே ஒருமுறை போய்ப் பார்த்தேன். கால் வீங்கியிருந்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது. வார்டு முழுக்கக் கேட்கும்படி பக்கத்துக் கட்டில் திண்டிவனத்துக்காரருக்கு என்னை அறிமுகம் செய்தார்: “இவுரு காது இருக்கே, தங்கம்.” எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. பிறகு விஷயத்துக்கு வந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை யாழினி முழு மணிநேரம் பாடப்போகிறாள். “நான் வரேன்னு அந்தப் பொண்ணுக்குச் சொல்லியிருந்தேன் சார். முடியாது போலக்குது. நீங்க போங்க. போயிட்டு வந்து எந்த இடம்னு எனக்குச் சொல்லணும்” என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

நான் போகவில்லை. காரணம் என்று ஒன்று இருந்தால் எழுதுவதற்குச் சௌகரியமாக இருக்கும். மழை இல்லை, உறவினர் யாரும் வரவில்லை, வண்டி பஞ்சரும் இல்லை. ஐந்தரைக்குச் சட்டை மாற்றிக்கொண்டு ஹெல்மெட்டை மடியில் வைத்து சோபாவில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் என்றுதான் நினைத்தேன். மனைவி வந்து, “கிளம்பலயா?” என்றாள். பார்க்கலாம் என்றேன். ஏழு மணிக்கும் ஹெல்மெட் மடியில் இருந்தது. வெறும் களைப்பு. நம் கச்சேரிக் குழுவின் வாட்ஸ்அப்பை நான் ஆறு மாதம் முன்பே ஓசை வராமல் அடக்கி ஓரம் கட்டியிருந்தேன், அதைத் திறந்தும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பாய் கூப்பிட்டார். எடுத்த உடனே, “சார், நேத்து…” என்று ஆரம்பித்தார். குற்றமுள்ள நெஞ்சு அல்லவா, அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “பிரமாதம் பாய்! நீங்க இல்லையேன்னு இருந்துச்சு!” பாய், “அப்படியா சார்? சொல்லுங்க, சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். நாற்பது நிமிடம் தாமதம் என்றேன், அது என்றைக்கும் தப்பாது. பதினாலு பேர் என்றேன், பத்து என்றால் வருத்தப்படுவார், இருபது என்றால் நம்ப மாட்டார். ஸ்பீக்கர் ஒருமுறை இரைந்தது என்றேன். “எந்த இடம் சார்?” என்றார். அதற்கும் தயாராக இருந்தேன். மூன்றாவது பாட்டில், பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றிய வரியில், யாழினி கிடாரை நிறுத்திவிட்டு வெறும் குரலில் பாடினாள், ஒரு வரிதான், மாடியில் யாரும் அசையவில்லை, தெருவில் போன ஆட்டோ சத்தம்கூட அந்தப் பாட்டுக்கு வேண்டியதுபோல இருந்தது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கேட்டது. பாய் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், “நல்லா இருந்துச்சு சார். ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றார். தப்பித்தேன் என்று குளிக்கப் போனேன். அதுதான் நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு. அடுத்த வாரம் போய்ப் பார்க்கலாம் என்றிருந்தேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் உழவர்கரையில் அவர் வீட்டுக்குப் போனேன். ஷமீம் டீ கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அழுது ஓய்ந்த முகம். என்னைப் பார்த்ததும் அந்த முகத்தில் சிரிப்பு வந்தது எனக்குப் புரியவில்லை.

“அன்னைக்கு நீங்க போன்ல சொன்னீங்களே சார், அந்தக் கச்சேரி. ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு. நானும் கேட்டேன். திண்டிவனத்துக்காரரும் கேட்டாரு” என்றார்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“அந்தப் பொண்ணுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு சார். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கே இவருக்கு போன் பண்ணி, இன்னைக்குக் கச்சேரி இல்லன்னு சொல்லிடுச்சு. உங்களுக்குச் சொல்லணும்னு போன எடுத்தாரு, அதுக்குள்ள நர்ஸ் வந்து ஊசி போட்டாங்க, அசந்து தூங்கிட்டாரு. ராத்திரி முழிச்சி ஒரே புலம்பல். ‘சார வீணா அலைய வெச்சிட்டேன், மாடி ஏறிப் போயி பூட்டைப் பாத்துட்டு வந்திருப்பாரு’ன்னு. உங்ககிட்ட மன்னிப்பு கேக்கத்தான் சார் காலைல கூப்பிட்டாரு.”

மன்னிப்புக் கேட்க வந்தவரை உட்கார வைத்து, நான் ஒரு கச்சேரியே நடத்தியிருக்கிறேன். வெட்கத்தில் காது மடல் சுட்டது. அவர் கோபித்துக்கொண்டாரா என்று கேட்டேன். கேட்காமல் எழுந்து போயிருக்கலாம், முடியவில்லை.

“நான்தான் கோவிச்சிக்கினேன். இப்படிப் பொய் சொல்றாரே மனுஷன், நீங்க ஏன் வாய மூடிக்கினு கேட்டீங்கன்னு. ‘விடு ஷமீம், ரொம்பக் களைச்சிப் போயிருக்காரு’ன்னாரு. அப்புறம் அவரே, ‘ஆனா அந்த ஆட்டோ சத்தம் சொன்னாரு பாரு, அந்த இடம் நல்லா இருந்துச்சு’ன்னாரு.”

பாய்க்குக் காது இல்லை என்று தீர்ப்பு எழுதியவன் நான். அவர் வாழ்க்கையில் கடைசியாகக் கேட்ட கச்சேரி என்னுடையது. அதில் ஒரு சொல்கூட உண்மை இல்லை என்று தெரிந்தே முழுசாக உட்கார்ந்து கேட்டார், அதிலும் ஒரு இடத்தை எடுத்துக்கொண்டார். இத்தனை வருடம் மாடிகளில் அவர் செய்துகொண்டிருந்தது என்ன என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. விளங்கியதால் எனக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. மூன்று முறை அடித்த தொலைபேசி இன்னும் காதில் அடிக்கிறது.

நண்பர்களே, அவருடைய நினைவாக ஆளுக்கொன்று வைத்திருப்பீர்கள். டேப் சுற்றிய ஸ்டாண்டை யாழினி பத்திரப்படுத்தியிருப்பதாகக் கேள்வி. எனக்கு மிச்சம், நான் பேசப் பேச அந்தப் பக்கம் அவர் சும்மா இருந்த அந்த மூன்று நிமிடம். ஒரு வார்த்தையில் என்னைச் சந்தி சிரிக்க வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அந்த மூன்று நிமிடத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அதற்கு நான் தகுதியானவன் இல்லை.

யாழினிக்குத் தொண்டை சரியாகிவிட்டதாம். வருகிற ஞாயிறு பாடுகிறாள். என் களைப்பு போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். போகத்தான் நினைக்கிறேன். போகாமல் போனால், போகவில்லை என்று உள்ளதைச் சொல்லிவிடுவேன். கேட்கத்தான் இனி ஆள் இல்லை.