அக்காவின் மஞ்சள் கவுன்

பனையோலைப் பெட்டிக்குள் ஒரு வருடம் மடிந்து கிடந்த துணியை வெளியே எடுத்து உதறும்போது ஒரு வாசனை வரும். கடைத் துணியின் கஞ்சியும், மூலையில் தடவிய மஞ்சளும், கற்பூரமும், ஓலையின் பழைய வாடையும் கலந்த அந்த வாசனைதான் என் சிறுவயதுத் தீபாவளிகளின் வாசனை. மற்றப் பிள்ளைகளுக்கு வெடிமருந்து மணத்தோடு விடிந்த பண்டிகை எனக்கு மட்டும் கற்பூர மணத்தோடு விடிந்தது. ஏனென்றால் நான் உடுத்திய சட்டைகள் எல்லாம் என் அக்காவுக்கு என்று வாங்கியவை, அக்கா அப்போது உயிரோடு இல்லை.

எங்கள் ஊர் அரியலூர் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், கொள்ளிடக் கரையில் இருக்கிறது. இப்போது பாலம் வந்துவிட்டது. அப்போது அக்கரைக்குப் போக ஓடம் ஒன்றுதான் வழி. ஒரு ஆவணி மாதத்தில், ஆறு நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்த நாளில், பக்கத்து வீட்டாரின் சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்காக எங்கள் தெருவே கிளம்பி அக்கரைக்குப் போனது. எனக்குக் காய்ச்சல் என்பதால் அம்மா போகவில்லை. ஒன்பது வயது மலர்க்கொடி, என் அக்கா, பக்கத்து வீட்டுப் பெண்களோடு போனாள். நடு ஆற்றில் சுழலில் சிக்கி ஓடம் கவிழ்ந்தது. நீந்தத் தெரிந்த சிலர் கரையேறினார்கள்; பலரை அடுத்தடுத்த நாட்களில் ஆறே கொண்டுவந்து கரையில் விட்டது. அக்காவை மட்டும் விடவில்லை.

எனக்கு அப்போது ஐந்து வயது. அந்த நாளைப் பற்றி எனக்கு நினைவிருப்பது எதுவும் நிஜமா, பிறகு கேட்டுக் கேட்டு நானாக வரைந்துகொண்டதா என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் அன்று காலையில் எங்கள் வீட்டில் நடந்தது எனக்கு மனப்பாடம். அம்மா அதை அத்தனை முறை சொல்லியிருக்கிறாள். அரியலூர் ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடியில் தீபாவளிக்கென்று அக்காவுக்கு ஒரு கவுன் எடுத்து வைத்திருந்தார்கள். மாம்பழ மஞ்சள், பொங்கிய கை, இடுப்பில் கட்டிக்கொள்ளப் பச்சை நாடா. காதுகுத்துக்கு அதைத்தான் போட்டுக்கொள்வேன் என்று அக்கா அழுதிருக்கிறாள். அம்மா மசியவில்லை. "தீவாளிக்குப் போட்டுக்கலாம்டி. இப்பப் போட்டா ஆத்துத் தண்ணி பட்டு சாயம் போயிடும்" என்று சொல்லி, ஓரம் நைந்த பழைய பாவாடையைக் கட்டி அனுப்பிவிட்டாள்.

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் அம்மா அதற்குப் பிறகு வாழ்ந்தாள். ஓடம் கவிழ்ந்ததற்கு அவள் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. ஆற்றைக்கூட ஏசியதில்லை, அதில்தான் குளித்தாள், துணி துவைத்தாள். மகள் ஆசைப்பட்ட கவுனைப் போட விடாமல் அனுப்பிய கையை மட்டும் பார்த்துப் பார்த்து அழுதாள். உடல் கிடைத்திருந்தால் கடைசியாக அதை உடுத்தியாவது அனுப்பியிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

எங்கள் பக்கத்தில் மணமாகாமல் இறந்த பெண்ணை 'பூவாடைக்காரி' என்பார்கள். அவள் வீட்டை விட்டுப் போவதில்லை, வீட்டுச் சாமியாகிவிடுகிறாள் என்பது நம்பிக்கை. "கன்னியாப் போன புள்ள வேற எங்க போவும்? வூட்டுக்குத்தான் வரும். துணி வெச்சுக் கும்புடு" என்று தெருவில் மூத்த பெண்கள் அம்மாவிடம் சொன்னார்கள். அப்படித்தான் அந்த மஞ்சள் கவுன் பனையோலைப் பெட்டிக்குள் போனது. தீபாவளிக்கு முதல் நாள் சுவரில் ஓர் இடத்தைக் கழுவி மஞ்சள் குங்குமம் வைத்து, பெட்டியை அதன் கீழே இறக்கி வைத்து, அக்காவுக்குப் பிடித்த பருப்புக் கொழுக்கட்டையும் வளையலும் கதம்பமும் பரப்பி, சாம்பிராணி போட்டு, அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். சாமியைக் கூப்பிடுகிற குரலாக அது இருக்காது. விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவது போலத்தான் இருக்கும்.

ஒவ்வொரு வருடமும் புதுத்துணி உள்ளே போகும், போன வருடத்துத் துணி வெளியே வரும். வெளியே வந்ததை வீட்டில் இருக்கிற பெண்பிள்ளை உடுத்த வேண்டும் என்பது முறை. எங்கள் வீட்டில் இருந்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். ஆறு வயதில், ஒன்பது வயதுக்காரிக்குத் தைத்த மஞ்சள் கவுனைக் கணுக்கால் வரை தொங்கவிட்டுக்கொண்டு நான் தெருவில் இறங்கினேன். அப்பா இடுப்பு நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்துவிட்டார். அன்று சாயங்காலமே ஓடத்துறைக் கருவேல முள்ளில் மாட்டிக் கீழ்விளிம்பைக் கிழித்துக்கொண்டு வந்தேன். அம்மா அடிக்கப் போகிறாள் என்று நின்றேன். அவள் அடிக்கவில்லை, மஞ்சள் நூல் இல்லாததால் பச்சை நூலை ஊசியில் கோத்து, நான் போட்டிருக்கும்போதே என் காலடியில் உட்கார்ந்து தைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு 'சாமி சட்டைக்காரி' என்று பெயர். பரீட்சை நாளில் மட்டும் அந்தப் பெயருக்கு மவுசு கூடும். கணக்கில் தேறுவோமா என்று பயந்த பிள்ளைகள் வரிசையாக வந்து என் சட்டை நுனியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். கணக்கில் நானே தேறாத கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை. உள்ளுக்குள் எனக்குப் பொறாமைதான். உயிரோடு இருக்கிற எனக்குப் பழசு, இல்லாத அக்காவுக்குப் புதுசு. "எனக்கு எப்பம்மா புதுசு?" என்று ஒருமுறை கேட்டேன். "நீ போட்டுக்கறது புதுசுதான்டி. அவ தொடவே இல்லையே" என்றாள் அம்மா.

ஒவ்வொரு ஆடியிலும் அம்மா என்னை அழைத்துக்கொண்டு அரியலூருக்கு பஸ் ஏறுவாள். கடைக்காரர், "எத்தனை வயசுப் புள்ளைக்குங்க?" என்பார். அம்மா, "ஒம்போது" என்பாள். அடுத்த வருடமும் ஒன்பது. அதற்கடுத்த வருடமும் ஒன்பது. நல்ல வேடிக்கைக்காரர் அவர். துணியை விரித்துப் போட்டபடியே, "என்னக்கா, உங்க புள்ளைக்கு வயசே ஏற மாட்டேங்குது? எங்களுக்கும் அந்த மருந்தச் சொல்லுங்களேன்" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். "அது அப்படியேதாங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டு, நீலத்தை எடுப்பதா ரோஸை எடுப்பதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல இறங்கியதை நான் கீழேயிருந்து பார்த்தேன். அடுத்த ஆடியில் எங்கள் தலையைக் கண்டதுமே எதுவும் கேட்காமல் ஒன்பது வயதுக் கவுன்களை மட்டும் எடுத்து அம்மா முன்னால் அடுக்கினார்.

அக்காவுக்கு வயது ஏறவில்லை. எனக்கு ஏறியது. கவுன்கள் முதலில் கணுக்காலில் இருந்து ஏறிக் கெண்டைக்காலுக்கு வந்தன, பிறகு முழங்காலுக்கு. ஒரு வருடம் அளவெடுத்துத் தைத்தது போலவே உட்கார்ந்தது. அன்று அம்மா என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை என்று எனக்கே தெரிந்தது. அடுத்த வருடத் தீபாவளியில், பெட்டியிலிருந்து எடுத்த சட்டை என் தோளைத் தாண்டி இறங்க மறுத்தது. அம்மா கீழே பிடித்து இழுத்தாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். கக்கத்தில் தையல் பிரிகிற சத்தம் கேட்டது. அம்மா கையை எடுத்துவிட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்தாள். "அவளவிடப் பெரியவளாயிட்டியே" என்றாள். அது திட்டுப் போலவும் இருந்தது, என்னவோ நான் அக்காவை வழியில் விட்டுவிட்டு முன்னால் வந்துவிட்டது போலவும் இருந்தது. அன்று இரண்டு பேரும் கொழுக்கட்டையைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு பெட்டித் துணிகள் சொந்தக்காரப் பிள்ளைகளுக்குப் போயின. மஞ்சள் கவுனை மட்டும் அம்மா யாருக்கும் கொடுக்காமல் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். நான் கல்யாணமாகிப் பெரம்பலூர் போனேன். எனக்குப் பிறந்தது மகன். அப்பா காலமானார். சொந்தத்துப் பிள்ளைகள் சுடிதாருக்கு மாறி, "இதப் போயி யாரு போடறது?" என்றார்கள். அப்படியும் ஆடி வந்தால் அம்மா தவறாமல் ஒன்பது வயதுக் கவுன் வாங்கினாள். உடுத்த ஆளில்லாத கவுன்களால் பெட்டி நிறைந்து, அடுத்த பெட்டியும் நிறைந்தது.

பாலத்துக்குப் பக்கத்தில், பழைய ஓடத்துறை இருந்த இடத்தில், ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு நினைவகம் கட்டியது போன வருடம். ஒரே கூடம்தான். அதைப் பார்த்துக்கொள்கிற பையன் விபத்துக்குப் பிறகு பிறந்தவன், தன் பெரியப்பாவை அதில் பறிகொடுத்த குடும்பத்தைச் சேர்ந்தவன், வீடு வீடாகப் போய் இறந்தவர்களின் பொருள் ஏதாவது கொடுங்கள் என்று கேட்டான். அக்காவுக்குப் போட்டோ கிடையாது. அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து மஞ்சள் கவுனை எடுத்து, "எம் பொண்ணு கவுனு" என்று மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வருடத்தில் ஒருநாள் கண்ணாடியைத் திறந்து சாம்பிராணி காட்ட விடுவாயா என்று கேட்டிருக்கிறாள். திறக்க முடியாது, வெளியே நின்று காட்டிக்கொள்ளலாம் என்று அவன் சொன்னானாம்.

முழங்கால் வலியால் திறப்பு விழாவுக்கு அம்மா போகவில்லை. சித்திரையில் நான் பெரம்பலூரில் இருந்து வந்து அவளை ஆட்டோவில் அழைத்துப் போனேன். உள்ளே எங்களைத் தவிர யாரும் இல்லை. கண்ணாடிகளுக்குப் பின்னால் ஒரு துடுப்பு, மூடி நசுங்கிய டிபன் கேரியர், ஒற்றைச் செருப்பு, காதுகுத்துக்கு எடுத்துப் போன வெள்ளிக் கிண்ணம். நான் தெருவில் கேட்டு வளர்ந்த பெயர்கள் எல்லாம் அந்தப் பொருட்களுக்குக் கீழே இருந்தன. அம்மா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, "இது அவரு வூட்டுது", "இது அந்தப் புள்ளையுது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் மஞ்சள் கவுன். வெளுத்திருந்தது. கீழ்விளிம்பில் பச்சை நூல் தையல் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

அதன் கீழே அட்டையில், 'மலர்க்கொடி, வயது ஒன்பது. விபத்து நடந்த அன்று அணிந்திருந்த உடை' என்று அச்சிட்டிருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. அது அக்கா உடுத்தாத கவுன். நான் உடுத்தியது, நான் கிழித்தது. அம்மா என் காலடியில் உட்கார்ந்து போட்ட தையல் அது. இனி அதைப் பார்க்கிறவர்கள் கிழிசலைத் தைத்துப் போட்டுக்கொண்டு போன பிள்ளை என்று நினைப்பார்கள். அந்தப் பையனைக் கூப்பிட்டு, இது தப்பு, அவள் இதைப் போடவே இல்லை என்று சொன்னேன். அவன் பதறிப்போய், "மன்னிச்சுக்கங்கக்கா, கவுனுன்னு குடுத்தாங்க, அவங்க கெடைக்கவே இல்லன்னு எனக்குத் தெரியாது, நானாத்தான் அப்படி நெனச்சுட்டேன். நாளைக்கே மாத்திடறேன்" என்றான்.

அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கண்ணாடியில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக்கொண்டிருந்தாள். கடைசிச் சொல்லுக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பிறகு அந்தப் பையனைப் பார்த்து, "மாத்தாத தம்பி" என்றாள்.

"இல்லம்மா, தப்பா எழுதியிருக்கு" என்றேன்.

"தெரியும்டி. அப்படியே இருந்துட்டுப் போவட்டும்."

அவள் குரலில் கெஞ்சல் இருந்தது. அந்தப் பையன் என்னைப் பார்த்தான். அத்தனை வருடம் பெட்டி பெட்டியாகத் துணி வாங்கி வைத்தும் ஆறாத ஒன்றை, விவரம் தெரியாத ஒருவன் ஒரு வரியில் எழுதி ஒட்டிவிட்டான். என் சிறுவயதின் ஒரு துண்டு அந்தக் கண்ணாடிக்குள் வேறொருத்தி பெயரில் இருக்கப்போகிறது என்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இருந்தும் "விட்டுடுங்க தம்பி" என்றேன்.

இந்த ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். ஓடத்துறை இருந்த இடத்தில், நினைவகத்துக்கு முன்னால், வண்டி நிறுத்துமிடம் வந்திருக்கிறது. ஓடம் எப்படி இருக்கும் என்று கேட்கிற பிள்ளைகள் அங்கே சைக்கிள் விடுகிறார்கள். அரியலூரில் அந்த ஜவுளிக்கடை கைமாறிவிட்டது. வீட்டில் பனையோலைப் பெட்டிகள் இரண்டும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே இருந்த கவுன்களை எல்லாம் அம்மா தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். ஒரு பெட்டியைத் தூக்கி முகர்ந்து பார்த்தேன். வெறும் ஓலை வாடைதான் வந்தது.

தள்ளுபடி முடியப் போகிறது, அக்காவுக்குக் கவுன் எடுக்க எப்போது போகலாம் என்று அம்மாவிடம் நானாகத்தான் கேட்டேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"எதுக்குடி? அதான் போட்டுக்கிட்டுப் போயிருக்காளே."