தோமையார் எழுதிய பிரகடனம்

பேசத் தொடங்குமுன் ஞானேந்திரன் காரின் சூடாக்கியை நிறுத்திவிடுவார். அதன் இரைச்சல் குரல்பதிவில் நோயாளி மூச்சுவிடுவது போலக் கேட்கும் என்பது அவர் எண்ணம். கண்ணாடிகள் நன்றாக ஏறியிருக்கின்றனவா என்று நான்கு கதவுகளையும் திரும்பிப் பார்ப்பார். ஒரு கையுறையை மட்டும் கழற்றி, சுடுதண்ணிப் போத்தலிலிருந்து ஒரு மிடறு தேநீரை வாயில் வைத்துக்கொண்டு சற்று நேரம் விழுங்காமல் இருப்பார். பிறகு போனின் அடிப்பக்கத்தில், குரல் நுழைகிற சின்னத் துளைகளின் மேல், பெருவிரலால் ஒரு சிலுவை. அதன் பிறகுதான், "அஞ்சலீனா, அண்ணை கதைக்கிறன்" என்று தொடங்குவார். அதற்குள் முன்கண்ணாடி வெளுத்து, வெளியே இருந்த உலகம் இல்லாமல் போயிருக்கும்.

இது நடந்தது மொன்றியலை அடுத்த புவாண்ட்-கிளேரில், அவர் வேலை செய்த பண்டகசாலையின் கார்த் தரிப்பிடத்தில். பின்னேர வேலைக்கு முன்கூட்டியே வந்து காருக்குள்ளேயே இருந்துவிடுவார். செயின்ட்-மிஷேலில் அவருடைய வீட்டுக்கு மேல்தட்டில் பிள்ளைகள் ஓடித் திரிவார்கள். சமையலறையில் மனைவி கிறேஸின் குக்கர் விசிலடிக்கும். அங்கே சரித்திரம் எடுபடாது.

சரித்திரம் அமெரிக்காவுடையது. கேட்பவர் ஒரே ஒருவர், அவருடைய தங்கை.

அஞ்சலீனா நியூயோர்க்கில், ஸ்ரேற்றன் ஐலண்டில், மகள் லக்சனாவோடு இருந்தாள். அங்கே போய் எத்தனையோ வருடம். தமிழ்ப் பெண்களோடு சேர்ந்து சமையலறைகளிலேயே காலம் போனதால் ஆங்கிலம் அவளிடம் ஒட்டவேயில்லை. மகன் டெனிஸ்டன் மன்னாரில், பேசாலையில், படகு எஞ்சின் திருத்திக்கொண்டிருந்தான். அவன் கல்யாணம் முடித்தவன். கல்யாணம் முடித்த பிள்ளையைக் கூப்பிட வேண்டுமென்றால் தாய்க்குக் குடியுரிமை இருக்க வேண்டும். குடியுரிமைக்கு அமெரிக்கச் சரித்திரத்தில் பரீட்சை உண்டு. வயது போனவர்கள் மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தங்கள் மொழியிலேயே பதில் சொல்லலாம் என்ற ஒரு சலுகைதான் அவளுக்கு இருந்த வழி. கூப்பிட்டாலும் வரிசை நீளம், மகன் வந்து சேரும்போது தான் உயிரோடு இருப்பது நிச்சயமில்லை என்று அவளுக்கே தெரியும். வரிசையில் அவன் பெயரைப் போட்டுவிட்டாவது கண்ணை மூட வேண்டும் என்றாள்.

முதல் தடவை அவள் பரீட்சையில் தவறிவிட்டாள். லக்சனா அச்சடித்துக் கொடுத்த கேள்வி பதிலை மாதக்கணக்கில் பாடமாக்கியும், அந்த அறைக்குள் போனதும் பெயர்கள் எல்லாம் போய்விட்டன. இன்னும் ஒரு சந்தர்ப்பம் தருவதாகச் சொன்னார்கள். அதிலும் தவறினால் விண்ணப்பம் முடிந்தது.

"வெள்ளைக்காரற்ற பேருகள் வாய்க்குள்ள வச்ச ஐஸ் மாதிரி அண்ணை. கரைஞ்சு போகுது" என்று போனில் அழுதாள்.

ஞானேந்திரன் அதிகம் பேசாத மனிதர். வேலையிடத்து மேற்பார்வையாளர் அவருக்கு எந்த மொழியும் தெரியாது என்றே நினைத்திருந்தார். ஆனால் வருடத்தில் ஒரு நாள், பெரிய வெள்ளிக்கிழமை, மொன்றியல் தமிழ்ப் பங்குக் கோயிலில் ஆண்டவருடைய சிலுவைப் பாடுகளை வாசிப்பது அவர்தான். அந்தக் குரல் பிலாத்துவின் முற்றத்துக்கு வந்து சேரும்போது, பெண்கள் கைப்பையைத் திறந்து கண் துடைக்க ரிஷ்யூ தேடுகிற சத்தம் கோயில் முழுக்கக் கேட்கும். இந்தக் குரலைத்தான் தங்கைக்காக எடுத்தார். நூலகத்தில் சிறுவர்களுக்கான சரித்திரப் புத்தகங்களைப் பக்குவமாகத் தெரிந்தெடுத்து, இடைவேளைகளில் விரல் வைத்து வாசித்து, தமிழில் கதையாக்கினார்.

பொஸ்ரன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்த கதைக்கு டாஷ்போர்ட்டைக் கையால் குத்தினார். பெட்டிகள் விழுந்தன. போத்தல் தேநீரை மூடியில் உயர்த்தி ஊற்றினார். கடல் வந்தது. அஞ்சலீனாவின் பதில் அன்றைக்கே வந்தது: "அண்ணை, கடல் முழுக்க வெறுந் தேத்தண்ணியோ? சீனியும் போட்டிருக்கலாம், நாசமாப் போவாங்கள்." வாஷிங்டனின் படை சப்பாத்தில்லாமல் பனிக்குள் குளிர்காலத்தைக் கழித்ததைச் சொல்லும்போது, காரை விட்டு இறங்கி, போனை முழங்காலளவில் பிடித்துக்கொண்டு பனிக்குள் மெல்ல நடந்தார். மனைவியோடு சண்டை போல என்று நினைத்து, கூட வேலை செய்த ஹெயிட்டிக்காரர் ஒருவர் கோப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

கதை அவள் மனதில் நின்றது, பெயர்கள் நிற்கவில்லை. அதற்கு ஞானேந்திரன் ஒரு வழி கண்டுபிடித்தார். தங்கைக்கு மறக்கவே மறக்காத பெயர்கள் எவை? ஊர்க் கோயிலில் அதே பெயர்களைத் தமிழில் கொண்ட புனிதர்களுடையவை. தோமஸ் ஜெபர்சனைத் தோமையார் ஆக்கினார். ஜேம்ஸ் மடிசன் சந்தியோகுமையார் ஆனார். ஜோன் அடம்ஸ் அருளப்பர். குதிரையில் வருகிற ஜோர்ஜ் வாஷிங்டன் யோர்ஜியார். வேல் மட்டும் கையில் இல்லை. ஆபிரகாம் லிங்கனுக்கு ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பெஞ்சமின் பிராங்கிளினுக்குத்தான் இடம் கிடைக்காமல் திண்டாடி, கடைசியில் "இவருக்குக் கோயில்ல சுருவம் இல்லை, பட்டம் ஏத்துறவர்" என்று விட்டுவிட்டார். அஞ்சலீனா எல்லோரையும் பிடித்துக்கொண்டாள். அவர்கள் பேசாலைக் கோயிலில் வரிசையாக நிற்பது போல ஒருவர் பின் ஒருவராகச் சொன்னாள்.

லிங்கனைச் சுட்டது ஒரு பெரிய வெள்ளிக்கிழமை என்று ஞானேந்திரன் புத்தகத்தில் கண்டார். அன்றைய பதிவில் அவர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. குரலைப் பாடுகள் வாசிக்கிற இராகத்துக்கு மட்டும் மாற்றினார். அதைக் கேட்டு அஞ்சலீனா இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை என்று லக்சனா பின்னர் முறைப்பட்டாள்.

கிறேஸுக்கு முதலிலிருந்தே இது பிடிக்கவில்லை. ஒரு பதிவை முழுக்கக் கேட்டுவிட்டுக் கேட்டார்:

"இஞ்சருங்கோ, கதை அவவுக்குத் தெரியும். கேள்விக்குப் பதில் தெரியுமோ?"

"பேந்து பேரை மாத்தலாம். முதல்ல ஆக்களைப் பிடிக்கட்டும்."

"பேந்து எண்டா எப்ப?"

சுவர் எழும்பியதும் சாரத்தை அவிழ்ப்பது போல, கடைசியில் புனிதர்களைக் கழற்றிவிடலாம் என்பது அவர் திட்டம். மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக் காலத்தில் பண்டகசாலையில் மேலதிக வேலை வந்தது. அது முடிந்ததும் ஒரு நாள் உட்கார்ந்து, வெறும் பெயர்களாக ஒரு பதிவு செய்து அனுப்பினார். தோமஸ் ஜெபர்சன், பிரகடனம் எழுதியவர். ஜோர்ஜ் வாஷிங்டன், முதல் ஜனாதிபதி. இப்படியே போனது.

அஞ்சலீனா கேட்டாள்: "அண்ணை, உடம்பு சரியில்லையோ? கடைக்காரன் விலை சொல்லுற மாதிரிக் கிடக்கு."

அடுத்த நாள் பதிவில் திரும்பவும் தோமையாரே வந்தார்.

இரண்டாவது பரீட்சையன்று மாசி மாதம், நல்ல குளிர். ஞானேந்திரன் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தபடி பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இடைவேளையில் லக்சனாவின் அழைப்பு வந்தது. அவள் குரலைக் கேட்டதுமே அவருக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் முழுவதையும் சொல்லச் சொன்னார். அறைக்கு வெளியே காத்திருந்த அவள், மொழிபெயர்ப்பாளர் வந்து சொன்னதைச் சொன்னாள்.

மொழிபெயர்ப்பாளர் சென்னைக்காரர், நல்ல மனிதர், வார்த்தைக்கு வார்த்தை 'அம்மா' போட்டார். கொடியைப் பற்றி, தலைநகரைப் பற்றிக் கேட்டதெல்லாம் சரி. சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர் யார் என்றதும் அம்மா உற்சாகமாகிவிட்டாள். தோமையார், என்றாள். யாரும்மா, என்று அவர் கேட்க, தோமையார் தம்பி, செம்மயிர், உயர்ந்த மனிசன், என்றாள். சொன்னதைச் சொன்னபடிதான் மொழிபெயர்க்க வேண்டும் என்பது சட்டம். அவரும் விசாரித்துத் தெளிந்து, புனித தோமஸ் என்கிறார், சிவந்த தலைமுடி, என்று அதிகாரிக்குச் சொன்னார். முதல் ஜனாதிபதிக்குப் புனித ஜோர்ஜ் வந்தார், குதிரையோடு. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பக் கேட்டார். திரும்பவும் குதிரைதான் வந்தது.

லிங்கன் செய்த முக்கியமான ஒரு காரியத்தைச் சொல்லச் சொன்னார்கள். பெரிய வெள்ளியில் சுடுபட்டவர், என்று சொல்லி அம்மா அழத் தொடங்கினாள். அடிமைகளை விடுவித்தது அதற்கு முன்னால் வர வேண்டிய பதில். அது அவளுக்குத் தெரியும். அந்த இடத்துக்குக் கதை போய்ச் சேருமுன் அதிகாரி நேரம் பார்த்துவிட்டார்.

"அம்மா எங்கை?" என்று கேட்டார் ஞானேந்திரன்.

"காருக்குள்ள இருக்கிறா மாமா. பாஸ் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறா. எல்லாத்துக்கும் பதில் சொன்னனான் எண்டு சொல்லுறா. நான் இன்னும் சொல்லேல்லை."

"நீ சொல்லாதை" என்றார். "நான் சொல்லுறன்."

ஆனால் அவர் சொல்லவில்லை. முடிவுக் கடிதம் வந்து, லக்சனாதான் அதை வாசித்து விளங்கப்படுத்தினாள்.

மறுபடி முதலிலிருந்து எழுதிப் போடலாம் என்றார்கள். அஞ்சலீனா மறுத்துவிட்டாள். அவளுக்குக் கோபமில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. இனி அந்த அறைக்குள் போக ஏலாது என்று மட்டும் சொன்னாள். பேசாலையிலிருந்து டெனிஸ்டன் இரண்டு ஞாயிறு போன் எடுத்துப் பார்த்தான். பிறகு பிள்ளைகளைக் கதைக்கவிட்டு அவன் தள்ளி நின்றான்.

பங்குக் குருவானவர் தவக்காலத்தில் ஞானேந்திரனைப் பாடுகள் வாசிக்கக் கூப்பிட்டார். தொண்டை சரியில்லை என்று பதில் போனது. அந்த வருடப் பெரிய வெள்ளிக்குப் பாடுகளை வேறொருவர் வாசித்தார். நன்றாகவே வாசித்தார். கிறேஸ் ஒரு முறை கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் முன்னிருந்த வாங்கின் சாய்வுப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அஞ்சலீனாவிடமிருந்து சித்திரையில் ஒரு குரல்பதிவு வந்தது. அடிமைகளை விட்ட பிறகு அந்தச் சனத்துக்கு என்ன நடந்தது, ஒழுங்காக வாழ விட்டார்களா என்று கேட்டிருந்தாள். ஞானேந்திரனுக்கு அந்தக் கதை தெரியும். மிச்சப் புத்தகங்களையும் வாசித்து முடித்திருந்தார். அதற்கு அவர் பதில் அனுப்பவில்லை. இப்போதெல்லாம் வேலை தொடங்கும் நேரத்துக்கே போகிறார்.

கோடையில் ஸ்ரேற்றன் ஐலண்டில் ஒரு மரக்கறிக் கடையில் லக்சனா அந்த மொழிபெயர்ப்பாளரைக் கண்டாள். அவரே அடையாளம் கண்டு கிட்ட வந்தார். அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டுவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அதை லக்சனா மாமாவுக்குச் சொல்லவில்லை. கிறேஸுக்கு மட்டும் சொன்னாள்.

அன்றைக்கு அவர் விதியை மீறித் தமிழில் மெல்ல ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். "ஜெபர்சனைச் சொல்றீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அவள் தலையை ஆட்டியிருந்தாலே போதும்.

அஞ்சலீனா அவரைப் பார்த்துச் சிரித்தாளாம். "இல்லைத் தம்பி, தோமையார்தான். எங்கட அண்ணை பிழையாச் சொல்லித்தர மாட்டார்."