வெள்ளறடையில் பறித்த காளான்

என் நண்பரைக் கொன்ற காளானைப் பறித்தவன் நான். அவர் மனைவி அடுப்பில் வைத்திருந்த சட்டியில், அந்த அம்மாளுக்குத் தெரியாமல் அதைப் போட்டவனும் நான். தன் கைச் சமையல்தான் கணவரைக் கொன்றது என்று அவர் ஆறு வருடம் நம்பினார். அப்படி இல்லை என்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். நான் வலியசாலையில் என் வீட்டில் இருந்துகொண்டு காலையில் காப்பி குடித்தேன், பேப்பர் படித்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

நண்பரும் நானும் ஒரே கல்லூரியில் பாடம் நடத்தியவர்கள். அவர் கணிதம், நான் விலங்கியல். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். டீச்சருடைய குடும்பத்துக்கு வெள்ளறடையில், மலையடிவாரத்தில், கொஞ்சம் ரப்பர்த் தோட்டம் உண்டு. கோடையில் இடி இடித்து முதல் மழை பெய்ததும் நாங்கள் மூவரும் அவர்கள் காரில் அங்கே போவோம். வெளிச்சம் இருக்கும்வரை அவர்கள் இருவரும் காட்டோரமாக அலைந்து விழுந்து கிடக்கும் அயனிச்சக்கை என்ற காட்டுப்பலா, தெற்றிப்பழம், புற்றில் முளைத்த காளான் எல்லாம் சேகரிப்பார்கள். இருட்டிய பிறகு என் முறை. இரண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி, அதன் முன்னால் விளக்கைத் தொங்கவிடுவேன். ஈசல் வரும், வண்டு வரும், பிறகு விதவிதமான அந்துப்பூச்சிகள் வந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

காளான் விஷயத்தில், அவர் பேச்சில் கூணு, டீச்சர் கறாரானவர். புற்றிலிருந்து வருவதை மட்டும்தான் எடுப்பார். குச்சியால் மண்ணைக் கிளறி, நீண்ட வேர் முழுசாக வந்தால்தான் கூடைக்குப் போகும். பிறகு சாக்கை விரித்துக் கொட்டி, வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்ப்பார். பொழுது சாய்ந்தபின் பறித்தது எதுவும் சட்டிக்குள் போகாது.

எனக்கு இதில் பங்கே கிடையாது. எங்கள் அக்ரகாரத்து வீட்டுக்குள் பூண்டும் காளானும் நுழைந்ததில்லை. நான் காளானைக் கையால் தொட்டதுகூட இல்லை. வாழையிலையில் தயிர்சாதம் பொதிந்து எடுத்துக்கொண்டு போவேன். இதை வைத்து நண்பர் வருடம் தவறாமல் என்னைக் கிண்டல் செய்வார். அன்றைக்கும் செய்தார்.

"சாமி, எத்தன வருஷமா கூட வாறீரு? சட்டிக்குன்னு ஒரு எல பறிச்சதுண்டா? சும்மா கார்ல ஏறி வாறது, பூச்சியப் பாக்கது, பொதிய அவிழ்த்துத் தின்னுட்டுப் போறது. எடீ, சாமிக்கு ரெண்டு விட்டிலப் புடிச்சு வறுத்துக் கொடு."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் டீச்சர். "சார் வெளக்கு கொண்டு வரலேன்னா ராத்திரி முழுக்க ஒங்க மூஞ்சியத்தான் நான் பாத்துட்டு இருக்கணும்."

மூவரும் சிரித்தோம். எனக்கு உள்ளே சுருக்கென்று இருந்தது. எழுபதை நெருங்கும் வயதில், இத்தனை சின்ன விஷயத்துக்கு.

ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் அடுப்பு மூட்டி, காளானைக் கழுவி நறுக்கி வேகவைத்துவிட்டு, தேங்காய் அரைத்து வாங்கிவர டீச்சர் பக்கத்திலிருந்த சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார். நண்பர் காரில் ஏதோ எடுக்கப் போயிருந்தார். நான் துணியைக் கட்டிக்கொண்டிருந்தேன். விளக்கின் வெளிச்சம் விழுந்த இடத்தில், ஒரு மரத்தின் அடியில், வெள்ளையாக ஏழெட்டுக் காளான் நின்றது. நல்ல பெரியவை. அவற்றை ஒடித்து எடுத்தேன். கிளறவில்லை, வேரைப் பார்க்கவில்லை. டீச்சரின் கத்தியாலேயே நறுக்கிச் சட்டியில் போட்டுக் கிளறிவிட்டேன். சாப்பிட்டு முடிந்ததும் "இன்னிக்கு நானும் பறிச்சேன், ஓய்" என்று சொல்லி அவர் வாயை அடைக்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

அவர் நன்றாகச் சாப்பிட்டார். "இன்னைக்கு ருசி ஒரு தனிதான் கேட்டியா" என்று இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். டீச்சர் பரிமாறிவிட்டு மிச்சமிருந்த சாற்றை மட்டும் சோற்றில் ஊற்றிக்கொண்டார். நான் சொல்ல வாயெடுத்தபோது, துணியில் கையகலத்துக்கும் பெரிய அட்லஸ் அந்துப்பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்தது. இத்தனை வருடத்தில் அது எங்களுக்கு வந்ததே இல்லை. எல்லோரும் எழுந்து ஓடினோம். நண்பர் போனில் படம் படமாக எடுத்தார். காளான் பேச்சு அத்தோடு போயிற்று; ராத்திரியே வீடு திரும்பிவிட்டோம்.

மறுநாள் விடிவதற்குள் இருவருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. டீச்சரின் மகன் போன் செய்ய, நான் நகரத்தில் அவர்கள் போயிருந்த சிறிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என்ன சாப்பிட்டீர்கள், யார் பறித்தது என்று கேட்டார். டீச்சர் கட்டிலில் சாய்ந்தபடி, "நான்தான் டாக்டர். புத்துக் கூணுதான். வருஷா வருஷம் தின்னுததுதான்" என்றார். நான் அவர் தலைமாட்டில் நின்றிருந்தேன். இது வயிற்றுப்போக்கு, இரண்டு நாளில் சரியாகிவிடும், இதற்குப் போய் ஏன் என்னை நானே கேலிப்பொருளாக்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததுபோலவே வாந்தி நின்றது. இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். டீச்சர் தேறிவிட்டார். நண்பரின் கண் மஞ்சளாயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஈரல் கெட்டுப்போயிருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் இறந்துவிட்டார்.

முதல் நாளே நான் வாயைத் திறந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பது தெரியாது. அந்தக் கேள்வியை டாக்டர் யாரிடமும் நான் கேட்டதில்லை. அடக்கம் முடிந்தபின் தனியாக பஸ் பிடித்து வெள்ளறடைக்குப் போனேன். அந்த மரத்தடியில் விரலால் மண்ணைத் தள்ளிப் பார்த்தேன். உடைந்த முட்டையோடுபோல ஒரு வெள்ளை உறை மண்ணுக்குள் இருந்தது. அது கொல்லும் விஷக்காளானின் அடையாளம் என்று எனக்குத் தெரியும். சருகைத் தள்ளி மூடிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அதன் பிறகு டீச்சர் அடுப்பருகே போகவில்லை. மகன் வீட்டுக்குக் குடிபோனார். சர்ச் சபையில் விருந்து நடக்கும்போதெல்லாம் காய்கறி நறுக்க முதல் ஆளாக உட்காருபவர், அதையும் விட்டார். பேரக் குழந்தைக்குத் தன் கையால் ஒரு வாய் சோறு ஊட்ட மறுக்கிறார் என்று மகன் ஒருமுறை பழவங்காடியில் என்னைப் பார்த்தபோது சொன்னான். அதைக் கேட்ட பிறகும் இன்னொரு வருடம் கடத்தினேன்.

போன கோடையில் மகன் வீட்டுக்குப் போய் டீச்சரிடம் சொன்னேன். எல்லாவற்றையும், ஒன்றும் விடாமல். டீச்சர் கேட்டு முடித்துச் சொன்னார்:

"சார், நீங்க கூணக் கையால தொடமாட்டீங்களே."

"அன்னிக்குத் தொட்டேன் டீச்சர்."

"எனக்காகச் சொல்லுதீங்க."

மண்ணுக்குள் இருந்த வெள்ளை உறையைப் பற்றிச் சொன்னேன். அவர் லேசாகத் தலையாட்டினார். "அதெல்லாம் புத்தகத்துல இருக்கும். நீங்க படிச்ச ஆளு. ஆஸ்பத்திரியில ஏங்கூட நின்னீங்க அல்லே? இப்படி ஒண்ணு இருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பீங்க. அவ்வளவு கல்நெஞ்சுக்காரரா நீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

கேட்டுக்கொண்டிருந்த மகன் நம்பினான். வாசல்வரை கூட வந்து, "அங்கிள், நான் அம்மாகிட்ட எத்தனயோ தடவ கேட்டிருக்கேன், அப்பாவுக்கு ஏன் இதக் கொடுத்தீங்கன்னு. கத்தியிருக்கேன்" என்றான். கேட்டைச் சாத்திக்கொண்டே, "இனி இங்க வரவேண்டாம்" என்றான்.

ஆனால் நண்பரின் நினைவுநாள் ஜெபத்துக்கு நான் போனேன். உறவினர்கள் முன்னால் எழுந்து நின்று மறுபடியும் சொன்னேன். நான் முடிப்பதற்குள் டீச்சர் எழுந்து, "சாருக்கு நல்ல மனசு. எம்பேருல இருக்க பழியத் தன் தலையில ஏத்துக்கிடப் பாக்காரு. யாரும் அவர ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போதகர் எனக்காக ஜெபம் செய்தார். வெளியே வரும்போது இரண்டு பெரியவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

உள்ளே பந்தி தொடங்கியிருந்தது. பெண்கள் வாளியும் கரண்டியுமாகப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் சுவரோரமாக ஒரு நாற்காலியில், இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.